காரின் கூரைப் பீடிங்கைக் கழற்றி ரூஃப் ரெயிலும் கிராஸ் பாரும் பொருத்துவது எப்படி

காரின் கூரையில் சுமை ஏற்ற விரும்புகிறவர், அந்தச் சுமை இறுதியில் எதன்மேல் இறங்கப்போகிறது என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கோவளத்துக்கு அலைச்சறுக்குப் பலகையைக் கொண்டுபோவதாக இருந்தாலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓட்டுவதற்குச் சைக்கிளை ஏற்றிச் செல்வதாக இருந்தாலும், பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும்போது டிக்கியில் அடங்காத பெட்டிகளை மேலே வைப்பதாக இருந்தாலும், எடை முழுவதும் காரின் இரும்புக் கூட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். ஒட்டும் டேப்பின்மேலோ பிளாஸ்டிக் கிளிப்பின்மேலோ அது தங்கிவிட்டால், நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவரின் உயிர் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். இந்த வேலையை முதல்முறையாகத் தாமே செய்ய நினைப்பவர்களுக்காக, பீடிங்கைக் கழற்றுவது தொடங்கி கிராஸ் பாரைப் பூட்டுவது வரை வரிசையாக எழுதுகிறேன்.

பெயர்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். கூரையின் இரு ஓரங்களிலும் முன் கண்ணாடிப் பக்கத்திலிருந்து டிக்கிப் பக்கம் வரை நீளவாக்கில் ஓடும் கம்பிகளை ரூஃப் ரெயில் என்கிறோம். அவற்றுக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாக நிற்கும் இரண்டு கம்பிகள் கிராஸ் பார்கள். பொருளைக் கட்டுவது கிராஸ் பாரின்மேல். கிராஸ் பாரின் பளுவை வாங்கிக்கொள்வது ரெயில். ரெயில் இல்லாத கார்களில், அது இருக்க வேண்டிய இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அதைத்தான் கடைக்காரர்கள் ரூஃப் பீடிங் என்று சொல்கிறார்கள். கூரைத் தகடும் பக்கவாட்டுத் தகடும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெல்டிங் செய்யப்பட்ட பள்ளம் அந்தப் பட்டையின் அடியில் இருக்கிறது. பீடிங் அந்தப் பள்ளத்தை மறைத்து அழகுபடுத்துகிறது. ஆனால் மழைநீர் உள்ளே இறங்காமல் காப்பது தொழிற்சாலையில் பள்ளத்துக்குள் பூசப்பட்ட சீலண்ட் என்ற அடைப்புப் பசைதான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருப்பவர் பீடிங்கைக் கழற்றும்போது கத்தியையோ இரும்பு ஸ்க்ரூ டிரைவரையோ கையில் எடுக்க மாட்டார்.

உங்கள் கூரை எந்த வகை?

அம்பாசிடர், ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் கூரையின் ஓரத்தில் மழைநீர் வடிவதற்கான தகட்டு விளிம்பு வெளியே நீண்டிருக்கும். அந்நாளைய டாக்சிகளின் இரும்புக் கேரியர் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. இன்றைய கார்களில் அந்த விளிம்பு கிடையாது. அதற்கு மாற்றாக நான்கு வகைகளைப் பார்க்கலாம். கைவிட்டுப் பிடிக்கும் அளவுக்கு இடைவெளியோடு உயர்ந்து நிற்கும் ரெயில் ஒருவகை. கூரையோடு ஒட்டியபடி இடைவெளியின்றி அமைந்த ரெயில் இன்னொரு வகை. ரெயில் இல்லாமல், பீடிங்கின் அடியிலோ அதிலுள்ள சிறு மூடியின் அடியிலோ மரையிட்ட துளைகள் மறைந்திருக்கும் கூரை மூன்றாவது. எதுவுமே இல்லாத வெறுங்கூரை நான்காவது; இதில் கதவுச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வகைக் கிராஸ் பாரை மட்டுமே பொருத்த முடியும்.

இவற்றோடு சேராத ஒன்றைக் குறித்துத்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். பார்ப்பதற்கு ரெயில் போலவே இருந்து, அடியில் வெறும் டபுள் சைடு டேப்பால் ஒட்டப்பட்டிருக்கும் அலங்கார ரெயில்கள் நம் ஊர்ச் சாலைகளில் ஏராளம். வெளிச் சந்தையில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுபவை மட்டுமல்லாமல், சில கார்களில் தொழிற்சாலையிலிருந்தே வருகிற ரெயில்களும் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவையே. நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் சாதாரண வெப்பநிலையில் 20 நிமிடங்களில் ஏறக்குறையப் பாதிப் பிடிப்பையும், 24 மணி நேரத்தில் 90 சதவீதத்தையும், 72 மணி நேரத்தில் முழுப் பிடிப்பையும் பெறும் என்பது உண்மைதான். அலங்காரப் பட்டையைத் தாங்க அது தாராளமாகப் போதும். ஆனால் கிராஸ் பாரின்மேல் ஏறும் பெட்டியை எதிர்க்காற்று மேல்நோக்கி இழுக்கும்போது அந்த டேப்பை நம்பக் கூடாது. உங்கள் ரெயில் எந்த வகை என்பதை உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். அதில் கூரைச் சுமையின் அளவு கிலோவில் குறிப்பிடப்பட்டிருந்தால் மேற்கொண்டு நகரலாம். கூரையில் சுமை ஏற்றக் கூடாது என்று எழுதியிருந்தால், யார் என்ன சொன்னாலும் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கையும் அப்போதே போட்டுவிட வேண்டும். கையேட்டில் உள்ள அளவு, கிராஸ் பாரின் எடையையும் அதன்மேல் பூட்டும் சைக்கிள் தாங்கி அல்லது பெட்டியின் எடையையும் சேர்த்தே சொல்லப்படுகிறது. கையேடு 50 கிலோ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிராஸ் பார்கள் 5 கிலோ, இரண்டு சைக்கிள் தாங்கிகள் 8 கிலோ, 14 கிலோ வீதம் இரண்டு சைக்கிள்கள் 28 கிலோ என்றால், மொத்தம் 41 கிலோ ஆகிறது. மூன்றாவது சைக்கிளுக்கும் அதன் தாங்கிக்கும் அங்கே இடமில்லை. ரெயில், கிராஸ் பார், கார் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே எடை வரம்பு இருக்கும். அவற்றில் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

வாங்குவதும் கருவிகளும்

சென்னையில் காருக்கான துணைப்பொருள் என்றாலே அண்ணா சாலையை ஒட்டியுள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, அதாவது எல்லோரும் ஜி.பி. ரோடு என்று சொல்லும் இடம், நினைவுக்கு வரும். அங்கே போகும்போது வண்டியின் மாடல், ஆண்டு, எந்த வேரியன்ட் என்பதைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். ஒரே காரில் கீழ்நிலை வேரியன்டின் கூரையும் மேல்நிலை வேரியன்டின் கூரையும் வேறுபடலாம். பொருளின்மேல் தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்கிறதா, பொருத்தும் முறைக்கான தாள் உள்ளே இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டும் இல்லாத பொருளை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். தயாரிப்பு நிறுவனமே உங்கள் காருக்கென்று ரெயிலோ கிராஸ் பாரோ விற்றால், சற்று விலை கூடினாலும் அதையே பரிந்துரைப்பேன். புதுப்பேட்டையில் கழற்றிய வண்டிகளின் பாகங்கள் கிடைக்கும். மேல்நிலை வேரியன்டின் ரெயில் அங்கே நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம்தான். ஆனால் விபத்தில் வளைந்ததா, அடிப்பாகத்தில் வெடிப்பு ஏதும் உள்ளதா என்று வெயிலில் வைத்துப் பார்த்து, போல்ட், அடி ரப்பர் ஆகியவற்றைப் புதிதாக வாங்கிக்கொள்வது நல்லது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பிளாஸ்டிக்கால் ஆன நெம்புகருவிகள், மாஸ்கிங் டேப், அளவு நாடா, எல் கீ செட், சாக்கெட் செட், சிறிய அளவுகளைக் காட்டக்கூடிய டார்க் ரெஞ்ச் (போல்ட்டை எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் ஸ்பேனர்), மைக்ரோஃபைபர் துணி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், தலைமுடி உலர்த்தும் டிரையர், உறுதியான ஸ்டூல் இரண்டு ஆகியவை போதும். பீடிங் கிளிப்புகளில் சில உடையும் என்று எதிர்பார்த்து, அதே எண்ணுள்ள புதிய கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இன்னொருவர் உடன் இருப்பது அவசியம்.

பீடிங்கைக் கழற்றுதல்

சித்திரை, வைகாசியில் பகல் வெயிலில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். தகடு கையைச் சுடும். மாஸ்கிங் டேப்பின் பசை பெயின்டில் ஊறிவிடும். நிழலில், காலை நேரத்தில், கூரையைக் கழுவித் துடைத்த பிறகு தொடங்குங்கள். கழுவாமல் தொடங்கினால் மேலே படிந்த மணல்தூள் ஒவ்வோர் அசைவிலும் பெயின்டைக் கீறும். கடற்கரைக்கு அருகே பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ வண்டியை நிறுத்துகிறவர்கள் உப்புப் படிவு நீங்கும்படி நல்ல தண்ணீரால் இருமுறை கழுவுவது நல்லது.

முதலில் பீடிங்கின் இரு பக்கங்களிலும் பெயின்டின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். பிறகு டிக்கிக் கதவைத் திறந்து பீடிங்கின் பின்முனையைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அந்த முனையில்தான் பிடி கிடைக்கும். முன்முனை பல கார்களில் முன் கண்ணாடியின் ஓர ரப்பருக்கு அடியில் செருகப்பட்டிருப்பதால், அங்கிருந்து நெம்பத் தொடங்கினால் கண்ணாடி ஓரத்தில் விரிசல் விழவோ கண்ணாடியைப் பிடித்திருக்கும் சீலண்ட் கிழியவோ கூடும். எனவே பின்னாலிருந்து தொடங்கி, முன்முனையைக் கடைசியாக, மெதுவாகப் பின்பக்கம் இழுத்து வெளியே எடுக்க வேண்டும்.

வெயிலில் பல ஆண்டுகள் நின்ற வண்டியின் பீடிங் இறுகி, எளிதில் உடையும் நிலைக்கு வந்திருக்கும். டிரையரால் மிதமான சூட்டை ஒரு சாண் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டினால் அது இளகிக்கொடுக்கும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தி வைக்காதீர்கள். நெம்புகருவியைப் பீடிங்கின் அடியில் செருகி, கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே நெம்புங்கள். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் நெம்பினால் பட்டை மட்டும் வளைந்து வெண்கோடு விழும், கிளிப் அசையாது. ஒரு கிளிப் விடுபட்ட ‘டக்’ என்ற ஒலி கேட்டதும் உடன் இருப்பவர் விடுபட்ட பகுதியைக் கையில் தாங்கிக்கொள்ள, நீங்கள் அடுத்த கிளிப்புக்கு நகர வேண்டும். பட்டையை மடக்காமல், பாயைச் சுருட்டாமல் இருவர் தூக்கிச் செல்வதுபோல நீளமாகவே கீழே இறக்குங்கள். அதன் உள்ளே மெல்லிய உலோகப் பட்டை இருந்தால், ஒருமுறை மடங்கியது பிறகு நேராகவே ஆகாது.

சில கார்களில் பீடிங் மேல்நோக்கி வராது. கிளிப்பின் தலை பீடிங்கின் உட்பள்ளத்தில் சறுக்கி உட்கார்ந்திருப்பதால் பின்பக்கமாக நகர்த்தித்தான் எடுக்க முடியும். முதல் கிளிப்பிலேயே மிகுந்த எதிர்ப்பு தெரிந்தால் பலத்தைக் கூட்டாமல், அது எந்த முறையில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதை டார்ச் ஒளியில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கழற்றியதும் இடது, வலது, முன்முனை என்று மாஸ்கிங் டேப்பில் எழுதிப் பட்டையின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

பள்ளத்தில் பார்க்க வேண்டியவை

பீடிங் போன பிறகு தெரியும் பள்ளத்தில் வேப்பிலைச் சருகும் தூசும் சேறாகப் படிந்திருப்பது நம் தெருக்களில் நிறுத்தும் வண்டிகளுக்கு இயல்பு. மென்மையான பிரஷ்ஷாலும் ஈரத்துணியாலும் அதை அகற்றுங்கள். பிறகு சீலண்டின் நீளம் முழுவதையும் பொறுமையாகப் பாருங்கள். வெடிப்போ, உரிந்த இடமோ, பழுப்பு நிறக் கசிவோ தெரிந்தால், ரெயிலை மாட்டி அதை மறைப்பதற்குமுன் சரிசெய்தாக வேண்டும். மேல்துருவை நீக்கி, துரு மாற்றும் திரவம், பிரைமர், பெயின்ட் என்ற வரிசையில் பூசி, அதன்மேல் காருக்கான பாலியூரித்தேன் சீலண்டை இடலாம். குளியலறை ஓரங்களில் பூசும், காடி வாசனை அடிக்கும் சிலிகானை இங்கே பயன்படுத்தக் கூடாது. அது உலரும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு தகட்டைத் துளைத்திருந்தால் அது டிங்கரிங் பட்டறைக்குரிய வேலை.

மரையிட்ட துளைகள் இருந்தால் அவை சிறு பிளாஸ்டிக் அடைப்பாலோ ஒட்டுத்தாளாலோ மூடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, ரெயிலோடு வந்த போல்ட்டைக் கையால் மட்டும் திருகி, தடையின்றி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றி வையுங்கள்.

துளைகள் இல்லை என்றால், துளையிட்டு ரெயில் மாட்டித் தருகிறேன் என்று சொல்கிறவர்களுக்கு இணங்க வேண்டாம் என்று மிகுந்த அழுத்தத்தோடு கேட்டுக்கொள்கிறேன். பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பைகள் உள்ள கார்களில் அவை கூரையின் இந்த ஓரத்தில்தான், உட்பக்க லைனிங்குக்கு மேலே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. டிரில்லின் முனை அந்தப் பையையோ அதன் ஒயரையோ வாயுக்குழாயையோ தொட்டுவிட்டால், விபத்து நேரத்தில் பை விரியாமல் போகலாம். புதிய துளையின் வெட்டுவாயில் துருத்தடுப்புப் பூச்சும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வழியாகவே உள்ளே இறங்கும். துளையில்லாத கூரைக்குக் கதவுச் சட்டத்தைக் கவ்வும் கிராஸ் பாரே தக்க வழி.

ரெயிலைப் பொருத்துதல்

பள்ளத்தையும் துளைகளைச் சுற்றிய இடத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். ரெயிலின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் வரும் ரப்பர் அடித்தகட்டை அதன் இடத்தில் வைத்து, இருவருமாக ரெயிலை இறக்கி, எல்லாப் போல்ட்டுகளையும் கையால் சில சுற்றுகள் மட்டும் ஏற்றுங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை நேர்ப்படாது. அதை வலுக்கட்டாயமாகத் திருகும்போது மரை கெட்டுவிடும். எல்லாம் பிடித்த பிறகு நடுவிலிருந்து முனைகளை நோக்கி இரண்டு சுற்றுகளாக இறுக்கி, இறுதியாகத் தாளில் குறிப்பிட்ட நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சை வைத்து முடிக்க வேண்டும். இவை பெரும்பாலும் சிறிய போல்ட்டுகள்; சக்கர நட்டை இறுக்கும் பழக்கத்தோடு இவற்றை இறுக்கினால் மெல்லிய தகட்டிலுள்ள மரை பிடுங்கிக்கொள்ளும். தாளில் சொல்லாதவரை மரையில் கிரீஸ் தடவாதீர்கள்; கிரீஸ் பட்ட போல்ட் அதே டார்க் அளவில் அளவுக்கு மீறி இறுகிவிடும். உடன் வந்த போல்ட்டுக்கு மாற்றாக வேறொன்றைப் போடுவதையும் தவிர்க்கலாம். கடற்காற்று வீசும் ஊரில் அலுமினியத்தோடு ஒவ்வாத உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவில் தொடங்கும்.

ரெயிலின் கால்களுக்கு இடையே மிஞ்சும் பள்ளத்தை மூடுவதற்குத் துண்டு பீடிங்குகள் செட்டோடு வரலாம். வராவிட்டால், கழற்றிய பழைய பட்டையை வெட்டிப் பயன்படுத்துவதைவிட, புதிதாக ஒன்றை வாங்கி அளந்து வெட்டுங்கள். வண்டியை விற்கும்போது கூரையை முன்போலாக்க பழைய பட்டை முழுதாக இருக்கட்டும்.

நீரூற்றிப் பார்த்தல்

ஒருவர் காருக்குள் அமர்ந்துகொள்ள, மற்றவர் ஹோஸ் குழாயில் குறைந்த வேகத்தில் ஒவ்வொரு காலின்மேலும் சில நிமிடங்கள் நீரை விட வேண்டும். உள்ளே இருப்பவர் லைனிங்கின் ஓரத்தையும் முன் தூண்களின் உட்புறத்தையும் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். ஈரம் தெரிந்தால் அந்தக் காலைக் கழற்றி ரப்பரைச் சரிசெய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் இதை முடித்துவிடுவது நல்லது.

கிராஸ் பார்

இரண்டு பார்களுக்கும் முன், பின் என்ற குறி இருக்கும். இறக்கை வடிவப் பாரின் தடித்த, வளைந்த விளிம்பு முன்னோக்கி இருக்க வேண்டும். முன் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து முதல் பார் எவ்வளவு தூரம், இரண்டு பார்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதைத் தாளில் உள்ளபடி இரு பக்கமும் அளந்து, மாஸ்கிங் டேப்பால் குறியிட்டு வையுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் சம அளவில் வெளியே நீண்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்தைச் சிறிது, மறு பக்கத்தைச் சிறிது என்று மாறி மாறி இறுக்கினால்தான் பார் நடுவில் நிற்கும். கதவுச் சட்டத்தைக் கவ்வும் வகை என்றால், அடி ரப்பரையும் அது உட்காரும் பெயின்டையும் தூசின்றித் துடைத்த பிறகே வையுங்கள். கொக்கி கதவு ரப்பரை நசுக்காமல் தகட்டு விளிம்பில் முழுமையாக மாட்டியிருக்கிறதா என்று நான்கு கதவுகளையும் மூடித் திறந்து பாருங்கள். இறுக்கி முடித்ததும் பாரைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டினால் கார் மொத்தமாக அசைய வேண்டும். பார் மட்டும் நகரக் கூடாது.

சன்ரூஃப் உள்ள காரில் அதன் கண்ணாடி மேலெழும்போது முன் பாரில் இடிக்கிறதா என்பதையும், டிக்கிக் கதவை முழுவதும் திறக்கும்போது மேலே உள்ள பெட்டியில் மோதுகிறதா என்பதையும் மெதுவாகச் சோதியுங்கள்.

சாலையில் இறங்கிய பின்

முதல் சில கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, எல்லாப் பிடிகளையும் மறுபடி சரிபாருங்கள். ரப்பர் அழுந்தி உட்காரும்போது இறுக்கம் சற்றுக் குறையும். காற்றின் விசை வேகத்தின் இருமடியாக உயர்வதால், மணிக்கு 50 கிலோமீட்டரில் இருந்ததைவிட 100 கிலோமீட்டரில் அது நான்கு மடங்காகிறது; சுமையோடு செல்லும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. நீளமான பலகையையும் பெட்டியையும் பாரில் கட்டுவதோடு, முன்முனையையும் பின்முனையையும் தனிப் பட்டையால் கீழே கட்டுங்கள். தார்ப்பாய் போர்த்துவதானால் ஓரங்கள் படபடக்காதபடி உள்ளே மடித்துக் கட்டுங்கள்.

உயரத்தையும் அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளப் பார்க்கிங், வணிக வளாகங்களின் அடித்தளம், தியாகராய நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற ரயில்வே சுரங்கப்பாதைகள் ஆகியவற்றில், கூரையில் சைக்கிள் நிற்பது ஓட்டுகிறவருக்கு மறந்துபோன நொடியில்தான் மோதல் நேர்கிறது.

சட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. எடை வரம்புக்குள் உள்ள, கழற்றக்கூடிய, தயாரிப்பாளரே அங்கீகரித்த துணைப்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐயம் இருந்தால் உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 194-ஆம் பிரிவின் 1ஏ உட்பிரிவுப்படி, சுமை பக்கவாட்டிலோ முன்னோ பின்னோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் உண்டு.

பயன்பாடு இல்லாத நாட்களில் கிராஸ் பாரைக் கழற்றி வைத்தால் காற்றொலியும் எரிபொருள் செலவும் குறையும்; ரப்பர்களும் வெயிலில் வெடிக்காமல் நெடுநாள் உழைக்கும். கழற்றும்போது அடி ரப்பர்களையும் அவை இருந்த இடத்தையும் துடைத்து, முன், பின், இடது, வலது குறிகளோடு ஒரே பையில் போட்டு, பொருத்தும் தாளையும் எல் கீயையும் அதிலேயே வையுங்கள். பூட்டோடு கூடிய பாராக இருந்தால் சாவியில் பொறித்திருக்கும் எண்ணைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி வாங்க அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.